லினக்ஸில் கேம் ஆட எந்த கிராபிக்ஸ் கார்டு? வடசென்னை வீடுகளுக்கான முழு வழிகாட்டி

விண்டோஸுக்கு கார்டு வாங்குகிறவர் பட்ஜெட்டில் தொடங்கலாம். லினக்ஸுக்கு வாங்குகிறவர் அப்படித் தொடங்கினால் மாட்டிக்கொள்வார். முதலில் ஆடப்போகும் கேம், அடுத்து கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர், அதற்கடுத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். கார்டின் பெயர் நாலாவதாக வந்தால் போதும். முதல் மூன்றும் முடிவானால் நாலாவது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் கேம் லிஸ்ட்டை எழுதுங்கள்

ஒரு பேப்பரில் நீங்கள் நிஜமாக ஆடும் ஐந்து கேம்களை எழுதுங்கள். அதில் வேலரண்ட் இருந்தால் இங்கேயே நிறுத்திவிடலாம். கள்ள ஆட்டத்தைத் தடுக்கும் அதன் வேன்கார்ட் ஆன்டி-சீட், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் போய் உட்காரும் சாமான். லினக்ஸில் எவ்வளவு விலையுயர்ந்த கார்டு போட்டாலும் அது ஓடாது. ஃபோர்ட்நைட், கம்ப்யூட்டர் பப்ஜி இரண்டும் அதே கதைதான். அபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024 அக்டோபர் வரை ஓடிக்கொண்டிருந்தது, பிறகு அந்த நிறுவனமே லினக்ஸை அடைத்துவிட்டது. ஜிடிஏ 5-இன் கதைப்பகுதி ஓடும். 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்ற ஆன்டி-சீட்டைச் சேர்த்த பிறகு ஆன்லைன் பகுதி ஓடுவதில்லை.

கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டும் லினக்ஸுக்கென்றே வருகின்றன. ஒற்றை ஆள் ஆடும் விண்டோஸ் கேம்களில் மிகப் பெரும்பாலானவை ஸ்டீம் என்ற கேம் கடைச் செயலிக்குள் இருக்கும் புரோட்டான் வழியாக ஓடும். வால்வ் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்தது அது. சந்தேகமான கேம் எதுவானாலும் புரோட்டான்டிபி தளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

கார்டு தேர்வுக்கும் புரோட்டானுக்கும் என்ன சம்பந்தம் என்றால், எல்லாம் கடைசியில் கார்டோடு பேசும் மொழியான வல்கனில் போய் முடிகிறது. டைரக்ட்எக்ஸ் 9, 10, 11 கேம்களை டிஎக்ஸ்விகே வல்கனாக மாற்றுகிறது. டைரக்ட்எக்ஸ் 12-ஐ விகேடி3டி-புரோட்டான் மாற்றுகிறது. டிஎக்ஸ்விகே 2.0-இலிருந்து வல்கன் 1.3 கட்டாயம். ஜிடிஎக்ஸ் 600, 700 வரிசையின் கெப்லர் கார்டுகளுக்கு என்விடியாவின் 470 டிரைவரோடு ஆதரவு நின்றுவிட்டது. அதில் வல்கன் 1.3 இல்லை. ஆகவே "சும்மா குடுக்கறேன் எடுத்துக்கோ" என்று யாராவது ஜிடிஎக்ஸ் 660 நீட்டினாலும் வேண்டாம்.

டிரைவர்: மூன்று கம்பெனி, மூன்று சுபாவம்

ஏஎம்டி கார்டுக்கு (ஆர்எக்ஸ் என்று பெயர் தொடங்குபவை) டிரைவர் தனியாகப் போடும் வேலையே இல்லை. ஏஎம்டிஜிபியு டிரைவர் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, வல்கனுக்கான ஆர்ஏடிவி, மேசா என்ற டிரைவர் தொகுப்பில் இருக்கிறது. கார்டை மாட்டி ஸ்விட்சைப் போட்டால் படம் வரும். கம்பெனி தளத்திலிருந்து தனி டிரைவர் இறக்கிப் போடுவது கேமுக்குத் தேவையில்லாதது. பல பேர் அதைப் போட்டுத்தான் நன்றாக இருந்த சிஸ்டத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். வால்வின் கையடக்க கேம் கருவியான ஸ்டீம் டெக்கில் இருப்பதும் ஏஎம்டி சிப் என்பதால் வால்வின் ஆட்களே இந்த டிரைவரில் தொடர்ந்து வேலை பார்க்கிறார்கள்.

ஒரே ஒரு பெரிய குறை எச்டிஎம்ஐ. ஏஎம்டியின் திறந்த மூல டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1 சேர்க்க எச்டிஎம்ஐ ஃபோரம் 2024 பிப்ரவரியில் அனுமதி மறுத்துவிட்டது. 4கே டிவியில் 120 ஹெர்ட்ஸ் ஆட நினைப்பவர்களுக்கு இது இடிக்கும். 1080பி, 1440பி மானிட்டருக்கு டிஸ்ப்ளே போர்ட் ஒயர் போட்டுவிட்டால் இந்தப் பிரச்சினையே கிடையாது.

என்விடியாவில் டிரைவரைத் தனியாகத்தான் போட வேண்டும். ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசை முதல் திறந்த கெர்னல் மாட்யூல் கிடைக்கிறது. ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு அதுதான் ஒரே வழி. ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 900, 10 வரிசைகளுக்கு 580-தான் கடைசி டிரைவர் கிளை. பழைய மார்க்கெட்டில் ஜிடிஎக்ஸ் 1060 நல்ல விலைக்கு வந்தாலும், புதிய டிரைவர் இனி வராத கார்டைத்தான் வாங்குகிறீர்கள் என்பதைக் கணக்கில் வையுங்கள். டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் என்விடியா விண்டோஸில் தரும் வேகத்தை லினக்ஸில் முழுதாகத் தருவதில்லை. வீடியோ மெமரி நிரம்பி வழியும்போதும் லினக்ஸ் டிரைவர் விண்டோஸ் அளவுக்குச் சமாளிக்காது. திடீரென்று திணறும், சில சமயம் கேமே மூடிக்கொள்ளும். அதனால் 8 ஜிபி என்விடியா கார்டை லினக்ஸுக்கு எடுப்பதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. பிளெண்டர், டாவின்சி ரிசால்வ், என்விடியாவின் கூடா (CUDA) என்று வேலைக்கும் அதே கம்ப்யூட்டர் என்றால் மட்டும் என்விடியா சரி. அப்போதும் 12 ஜிபிக்குக் குறையாமல்.

இன்டெல் ஆர்க் பி580 கார்டில் 12 ஜிபி மெமரி இருக்கிறது, டிரைவரும் கெர்னலிலேயே வருகிறது. ஆனால் கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக எட்டவைக்கும் ரீசைசபிள் பார் என்ற வசதி போர்டில் இல்லாவிட்டால் வேகம் பாதாளத்துக்குப் போகும். பழைய போர்டுக்காரர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கார்டு புதுசு, லினக்ஸ் பழசு

கடையில் கார்டை நிமிடத்தில் வாங்கிவிடலாம். வீட்டுக்கு வந்து மாட்டியபின் மங்கலான திரையோ கறுப்புத் திரையோ வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஏஎம்டியும் இன்டெலும் கெர்னலை நம்பி இருக்கின்றன. கார்டு பிறந்த தேதிக்கு வெகு முன்னால் வந்த கெர்னலுக்கு அந்தக் கார்டைத் தெரியாது.

ஆர்எக்ஸ் 6600, 7600 போன்றவை இன்றைய எந்த லினக்ஸிலும் நடக்கும். ஆர்எக்ஸ் 9070, 9060 எக்ஸ்டி 2025-இல் வந்தவை. கெர்னல் 6.12-உம் மேசா 25.0-உம், அல்லது அவற்றுக்குப் பின் வந்தவை இருப்பது நல்லது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு 24.04 முதலில் வந்தபோது கெர்னல் 6.8, 24.04.3-இல்தான் 6.14 வந்தது. பழைய பென்டிரைவில் கிடக்கும் 24.04 ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் கோப்பு) வைத்து 9060 எக்ஸ்டியில் இன்ஸ்டால் செய்தால் தலைவலி நிச்சயம். மிண்ட் 22.2, டெபியன் 13, ஃபெடோராவின் புதிய பதிப்பு, கேமுக்கென்றே வரும் பஸ்ஸைட், கேச்சிஓஎஸ் இவற்றில் எதுவும் சரி. டெபியன் 12-இன் கெர்னல் 6.1, புதிய கார்டுக்கு அது உதவாது.

எஸ்.எம்.பி.எஸ்.: ஸ்டிக்கரை நம்பாதீர்கள், ஆம்பியரைப் படியுங்கள்

கேபினட்டோடு சேர்த்துக் கொடுக்கும் லோக்கல் எஸ்.எம்.பி.எஸ். மேல் பெரிய எழுத்தில் 450 என்று அச்சடித்திருக்கும். அது வாட் என்றுகூட எழுதியிருக்காது. பக்கவாட்டுப் பலகையைக் கழற்றி, எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்துக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றிருந்தால் 12 பெருக்கல் 14, அதாவது 168 வாட். கார்டும் பிராசசரும் தின்பது இந்த 12 வோல்ட் லைனைத்தான். ஆர்எக்ஸ் 6600 மட்டுமே 132 வாட். பிராசசர் 65 முதல் 90. கேம் சூடுபிடிக்கும் இடத்தில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்து ரீஸ்டார்ட் ஆகும், பழி லினக்ஸ் மேல் விழும்.

கார்டுகள் இழுக்கும் மின்சாரம்: ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட், ஆர்எக்ஸ் 6600 132, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160, ஆர்எக்ஸ் 7600 165, ஆர்டிஎக்ஸ் 3060 170, ஆர்எக்ஸ் 9070 220, 9070 எக்ஸ்டி 304. கார்டு, பிராசசர், மற்றவற்றுக்கு 60 வாட், மூன்றையும் கூட்டி, அதோடு பாதியைச் சேர்த்து எஸ்.எம்.பி.எஸ். எடுங்கள். 6600-க்கும் 9060 எக்ஸ்டிக்கும் தரமான 80 பிளஸ் பிரான்ஸ் 450 அல்லது 550 போதும். 9070 எக்ஸ்டிக்கு 750.

ஸ்லாட் தருவது 75 வாட், 6 பின் ஒயர் இன்னொரு 75, 8 பின் 150. 8 பின் ஒயர் இல்லை என்று ஹார்ட் டிஸ்க் ஒயரிலிருந்து கன்வெர்ட்டர் போட்டுத் தருவார்கள். வாங்காதீர்கள். அந்த மெல்லிய பின்கள் சூடாகி உருகும்.

அடுத்து யூ.பி.எஸ். வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 600 விஏ. அது தருவது 360 வாட்தான், மானிட்டரும் அதில்தான். 6600 வைத்த கம்ப்யூட்டர் சமாளித்துவிடும். 9070 எக்ஸ்டி வைத்துவிட்டு கேம் ஓடும்போது கரண்ட் போனால் யூ.பி.எஸ். ஒரு 'பீப்' அடித்துவிட்டுக் கைவிரித்துவிடும். 1 கேவிஏ என்றால் சுமார் 600 வாட் கிடைக்கும்.

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் பழைய லைன் வீடுகளில் பிளக்கின் மூன்றாவது ஓட்டை பெயருக்கு இருக்கும், உள்ளே எர்த் ஒயர் இருக்காது. கேபினட்டின் பெயின்ட் இல்லாத இடத்தைத் தொட்டால் சுர்ரென்று இழுத்தால் எர்த் இல்லை என்று அர்த்தம். அந்த நிலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது எச்டிஎம்ஐ ஒயரைச் சொருகினால் கார்டின் போர்ட்டே போய்விடலாம். கார்டு வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடுங்கள். கார்டு விலைக்கு முன்னால் அது சில்லறைக் காசு.

கேபினட், ஸ்லாட், ரீஃபர்பிஷ்ட் கம்ப்யூட்டர்

இன்ச் டேப்பை எடுத்து, பின்பக்கத் தகட்டிலிருந்து முன்பக்க ஹார்ட் டிஸ்க் கூண்டு வரை மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு 20 மி.மீ. குறைவான நீளமுள்ள கார்டையே தேடுங்கள்.

ஆர்எக்ஸ் 6600, 7600, ஆர்டிஎக்ஸ் 4060 எல்லாம் போர்டோடு பேச 8 பாதை கொண்ட 8 லேன் கார்டுகள். பிசிஐஇ 3.0 போர்டில் போட்டால் சிறு இழப்பு, பொறுத்துக்கொள்ளலாம். ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டும் 4 லேன். பழைய போர்டில் நன்றாகவே அடிவாங்கும். 6500 எக்ஸ்டியில் வீடியோ என்கோடரும் இல்லை, ஸ்ட்ரீம் செய்ய நினைப்பவர் ஏமாறுவார்.

ஆபீஸ்களிலிருந்து வந்த ரீஃபர்பிஷ்ட் டெஸ்க்டாப்பை வாங்கி அதில் கார்டு போடுவது நம் பக்கம் சகஜம். உள்ளே இருப்பது கம்பெனியின் சொந்த அளவு எஸ்.எம்.பி.எஸ்., 6 பின் ஒயரே இருக்காது, கேபினட்டும் ஒல்லி. அதற்கு ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும் லோ-புரொஃபைல் கார்டுதான் வழி: ஜிடிஎக்ஸ் 1650 அல்லது 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி. மேலே என்விடியா வேண்டாம் என்று சொன்னதற்கு இது விதிவிலக்கு. இந்த இடத்தில் ஏஎம்டியிடம் நல்ல பதில் இல்லை. அரசு கொடுத்த பாஸ் லினக்ஸ் லேப்டாப்பில் கார்டு போட முடியுமா என்றும் கேட்பார்கள். ஸ்லாட் கிடையாது, முடியாது.

எங்கள் தீர்ப்பு

1080பி மானிட்டர், கையைக் கடிக்காத செலவு: ஆர்எக்ஸ் 6600. புதிதோ பழையதோ, லினக்ஸில் தொல்லை கொடுக்காத கார்டு. நாலைந்து வருஷம் மாற்ற வேண்டாம் என்றால் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. அதே பெயரில் 8 ஜிபியும் விற்கிறது, பெட்டியில் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 1440பி என்றால் 9070. வேலைக்கும் சேர்த்து என்றால் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி அல்லது 5060 டிஐ 16 ஜிபி.

வாங்கும் நாள்

விம்கோ நகரிலிருந்தோ தண்டையார்பேட்டையிலிருந்தோ நீல வழித்தட மெட்ரோவில் ஏறினால் மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு லீவு. புதுக் கார்டு என்றால் ஜிஎஸ்டி பில் கேளுங்கள். "பில் இல்லாம கொறச்சுத் தரேன்" என்பதற்கு மயங்காதீர்கள். பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணும் கார்டின் பின்புறம் இருப்பதும் ஒன்றா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். வாரன்டி அந்த எண்ணில்தான் நிற்கிறது.

பழைய கார்டு என்றால் பையில் மூன்று சாமான் இருக்க வேண்டும்: டார்ச், லைவ் லினக்ஸ் (இன்ஸ்டால் செய்யாமலே ஓடுவது) போட்ட பென்டிரைவ், போனின் யூஎஸ்பி ஒயர். ஏஎம்டிக்கு உபுண்டு அல்லது ஃபெடோரா போதும். என்விடியாவுக்கு டிரைவர் சேர்ந்தே வரும் பாப் ஓஎஸ் என்விடியா ஐஎஸ்ஓ எடுத்துப் போங்கள்.

"அண்ணே, ஒரு பதினஞ்சு நிமிஷம் நம்ம பென்டிரைவ்ல போட்டுப் பாத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். முடியாது என்கிற கடையில் வாங்க வேண்டாம்.

மாட்டுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள். எச்டிஎம்ஐ ஓட்டையின் உள்விளிம்பிலும் ஸ்லாட்டில் சொருகும் தங்கப் பட்டையிலும் பச்சை அல்லது வெள்ளைப் பூப்பு இருந்தால் அது கடற்காற்று பட்ட கார்டு. ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே அதே வெள்ளை இருந்தால் கீழே வையுங்கள். விசிறியை விரலால் மெல்லச் சுற்றி, தானாக நிற்கும்வரை பாருங்கள். கரகரவென்றோ சட்டென்றோ நின்றால் பேரிங் போயிருக்கிறது.

லைவ் லினக்ஸ் வந்ததும் டெர்மினலில் எல்-எஸ்-பி-சி-ஐ என்ற ஐந்தெழுத்தைச் சின்ன எழுத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். விஜிஏ என்று வரும் வரியில் கார்டின் நிஜப் பெயர் இருக்கும். ஆர்எக்ஸ் 580 என்று விற்பதில் பல, 2304 கோர்களுக்குப் பதில் 2048 மட்டுமே உள்ள கார்டு. அந்த வரியிலேயே பெரும்பாலும் 2048எஸ்பி என்று வந்துவிடும், விலையைக் குறைத்துப் பேசலாம். பிறகு போனை யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்து, கார்டைச் சோதிக்கும் ஜிஎல்மார்க்2 செயலியை இறக்கி, பதினைந்து நிமிடம் முழுத்திரையில் ஓட விடுங்கள். புள்ளி புள்ளியாக நிறம் தெறித்தாலோ கோடுகள் வந்தாலோ மெமரி சிப் போயிற்று, பேரமே வேண்டாம்.

மாட்டுவதும் முதல் முறை ஆன் செய்வதும்

1. சுவர் ஸ்விட்சை அணைத்து ஒயரை உருவிவிட்டு, பழைய கார்டின் லாக்கைத் தள்ளிக் கழற்றுங்கள். பழையது என்விடியா, புதியது ஏஎம்டி என்றால் கழற்றும் முன்பே என்விடியா டிரைவரை நீக்கிவிடுங்கள்.

2. கார்டு 'டிக்' என்று உட்கார்ந்ததும் திருகைப் போடுங்கள். இரண்டு 8 பின் இருந்தால் இரண்டு தனித்தனி ஒயர், ஒரே ஒயரின் இரட்டைத் தலை வேண்டாம்.

3. மானிட்டர் ஒயர் கார்டில் சொருகியிருக்கிறதா? சிரிக்காதீர்கள், "கார்டு வேலை செய்யல" என்று வருகிறவற்றில் கணிசமானவை போர்டின் எச்டிஎம்ஐயில் சொருகியவை.

4. பயாஸில் அபவ் 4ஜி டீகோடிங், ரீசைசபிள் பார் இரண்டையும் ஆன் செய்து, பழைய முறையில் கம்ப்யூட்டரைத் தொடங்கவைக்கும் சிஎஸ்எம்மை ஆஃப் செய்ய வேண்டும். ஆனால் அதற்கு முன் லினக்ஸில் ஃபைல் மேனேஜரைத் திறந்து, ரூட்டுக்கு அடியில் 'சிஸ்', அதற்குள் 'ஃபர்ம்வேர்', அதற்குள் 'இஎஃப்ஐ' என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் லினக்ஸ் பழைய முறையில் இன்ஸ்டால் ஆனது. சிஎஸ்எம்மை அணைத்தால் சிஸ்டமே தொடங்காது, மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டிவரும்.

5. என்விடியாக்காரர்கள் மட்டும்: உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ், மிண்டில் டிரைவர் மேனேஜர். ஜிடிஎக்ஸ் 16 வரிசையோ அதற்குப் பின் வந்ததோ என்றால் பெயரில் 'ஓப்பன்' உள்ளதை எடுங்கள். செக்யூர் பூட் ஆனில் இருந்தால் ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத் திரை வரும், சில நொடிகளே நிற்கும். அதில் ஏதாவது கீயைத் தட்டி, என்ரோல் எம்ஓகே தேர்ந்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். டீ குடிக்கப் போய் அந்தத் திரையைத் தவறவிட்டால் டிரைவர் ஏறாது.

6. ஸ்டீமை ஸ்நாப்பாகப் போடாமல் டெப் பேக்கேஜாகப் போடுங்கள் (இரண்டும் மென்பொருள் வரும் பொதி வகைகள்). பழைய ஸ்டீமாக இருந்தால் செட்டிங்ஸில் கம்பாட்டிபிலிட்டி பகுதியில் எல்லா கேமுக்கும் ஸ்டீம் பிளேவை ஆன் செய்யுங்கள், புதியதில் அது தானாகவே ஆனில் இருக்கும். கேம்களை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் வைக்காதீர்கள். புரோட்டான் உருவாக்கும் சில கோப்புப் பெயர்கள் அங்கே ஒத்துவராமல், பிளே பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்காது.

சரியாக வராவிட்டால்

ஸ்டீமில் ஹெல்ப், சிஸ்டம் இன்ஃபர்மேஷன் போய் வீடியோ கார்டு வரியைப் படியுங்கள். அங்கே எல்எல்விஎம்பைப் என்றிருந்தால் கார்டு தூங்குகிறது, பிராசசர் படம் வரைந்துகொண்டிருக்கிறது. ஏஎம்டி என்றால் கெர்னலும் மேசாவும் பழசு. என்விடியா என்றால் டிரைவர் ஏறவில்லை. ஃபிளாட்பேக் என்ற இன்னொரு பொதி வகையில் போட்ட ஸ்டீமில் நேற்று ஓடிய கேம் இன்று ஓடவில்லை என்றால், என்விடியா டிரைவர் அப்டேட் ஆகி ஃபிளாட்பேக்கின் பிரதி பழைய எண்ணிலேயே நிற்கிறது. ஃபிளாட்பேக்கையும் அப்டேட் செய்தால் தீர்ந்தது.

புதுக் கேமில் முதல் பத்து நிமிடம் விட்டுவிட்டுத் திக்குவது ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்) தயாராவதால். ஸ்டீம் ஷேடர் தயாரிக்கும்போது 'ஸ்கிப்' தட்டாமல் பொறுங்கள்.

சித்திரை, வைகாசியில் கதவைச் சாத்திய சின்ன அறையில் விசிறி கத்தும். லாக்ட் என்ற செயலியை இன்ஸ்டால் செய்து, அதிலேயே ஓவர்கிளாக்கிங்கை அனுமதிக்கும் பொத்தானை அழுத்தி ரீஸ்டார்ட் செய்தால் ஏஎம்டி கார்டின் பவர் லிமிட்டைக் குறைக்கலாம். கெர்னல் 6.7 முதல் கம்பெனி வைத்த கீழ் வரம்புக்குக் கீழே அது இறங்காது. அந்த வரம்பு வரை இறக்கினாலே சூடு தெரியும்படி குறையும், கேமின் வேகத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் கடற்காற்றோடு லாரி ரோட்டுத் தூசியும் சேர்ந்து வரும். ஈர உப்பில் தூசி ஒட்டினால் ஊதினாலும் போகாது. கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே கேபினட்டை வைக்காதீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கார்டைக் கழற்றி, விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்த பிறகு பிளோயரைக் காட்டுங்கள். மழைக்காலத்தில் பத்து நாள் ஆடாவிட்டாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் அரைமணி நேரம் ஆன் செய்து வையுங்கள், உள்ளே இருக்கும் ஈரம் அந்தச் சூட்டில் காய்ந்துவிடும்.